காண்டம் கிழிஞ்சிடுச்சா? கையில் இருப்பது 72 மணி நேரம்! ஆண்-ஆண் உறவில் எச்.ஐ.வி-யைத் தடுப்பது எப்படி? முழு விளக்கம்

உடலுறவின் போது காண்டம் கிழிந்துவிட்டது. அல்லது, அந்த நேரத்தில் காண்டமே கையில் இல்லை. மறுநாள் காலையில் பயம் வருகிறது. இதே நிலை ஒரு ஆணுக்கும் பெண்ணுக்கும் வந்தால் நண்பரிடம் கேட்கலாம், மருந்துக் கடைக்காரரிடம் கேட்கலாம், டாக்டரிடம் கேட்கலாம். ஆனால் அந்த உறவு இரண்டு ஆண்களுக்கு இடையில் என்றால்? 'யார்கிட்ட கேக்குறது, எப்படிக் கேக்குறது' என்ற தயக்கத்திலேயே இரண்டு, மூன்று நாட்கள் ஓடிவிடுகின்றன.

ஆனால் அந்த மூன்று நாட்கள்தான் முக்கியம். எச்.ஐ.வி உடலில் நிலைகொள்வதைத் தடுக்கும் மருந்து இருக்கிறது. அதை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். உறவுக்கு முன்பே போட்டுக்கொள்ளும் மாத்திரையும் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசியும் வந்துவிட்டது. இவை என்ன, எங்கே கிடைக்கும், சட்டம் என்ன பாதுகாப்பு தருகிறது? விரிவாகப் பார்ப்போம்.

ஏன் தனியாகப் பேச வேண்டும்?

இந்தியாவில் எச்.ஐ.வி முதன்முதலில் கண்டறியப்பட்டது சென்னையில்தான். 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமனும், அவரது மாணவி நிர்மலாவும் சேகரித்த ரத்த மாதிரிகளில் அது தெரியவந்தது. அதன்பிறகு தமிழ்நாட்டில் விழிப்புணர்வு விளம்பரங்களுக்குக் குறைவே இல்லை. 2000-களின் தொடக்கத்தில் 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்ற வாசகம் சுவரெல்லாம் இருந்தது இன்றும் பலருக்கு நினைவிருக்கும்.

ஆனால், அந்த விளம்பரம் பேசியது பெண் பாலியல் தொழிலாளர்களிடம் செல்லும் ஆண்களைப் பற்றி. ஆணுடன் உறவு வைத்துக்கொள்ளும் ஆண் அந்தச் சுவரில் தன்னைப் பார்க்கவில்லை. 'இது நமக்கு இல்ல' என்று கடந்துபோனவர்கள் உண்டு.

எண்கள் வேறு கதை சொல்கின்றன. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பான நாகோவின் கணக்குப்படி, இந்தியாவில் வயது வந்தோரில் எச்.ஐ.வி பாதிப்பு சுமார் 0.2 சதவீதம். ஆண்களுடன் உறவு வைத்துக்கொள்ளும் ஆண்களில் அது சுமார் 3.3 சதவீதம். அதாவது கிட்டத்தட்ட 16 மடங்கு.

இதற்குக் காரணம் அவர்கள் தன்பாலீர்ப்பாளர்கள் என்பதல்ல. வைரஸுக்கு யார் ஆண், யார் பெண், யார் யாரைக் காதலிக்கிறார்கள் என்பதெல்லாம் தெரியாது. உடலமைப்பு ஒரு காரணம். தகவல் போய்ச் சேராதது இன்னொரு காரணம். பயந்து மருத்துவமனைக்கே போகாதது மூன்றாவது காரணம்.

எப்படிப் பரவுகிறது?

ரத்தம், விந்து, விந்துக்கு முன் வரும் திரவம், ஆசனவாய்த் திரவம், பெண்ணுறுப்புத் திரவம், தாய்ப்பால் ஆகியவை வழியாகத்தான் எச்.ஐ.வி பரவும். முத்தம், கட்டிப்பிடிப்பது, ஒரே தட்டில் சாப்பிடுவது, ஒரே கழிவறை, கொசுக்கடி ஆகியவற்றால் பரவாது.

ஆசனவாய் வழி உறவில் ஆபத்து ஏன் அதிகம்? ஆசனவாய்க்கு உள்ளே இருக்கும் படலம் மிக மெல்லியது. பெண்ணுறுப்பைப் போல அங்கே தானாக ஈரம் சுரக்காது. உராய்வில் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன கீறல்கள் விழும். வைரஸ் உள்ளே நுழைய அதுவே போதும்.

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் மதிப்பீட்டைப் பார்த்தால் வித்தியாசம் புரியும். எச்.ஐ.வி உள்ள, சிகிச்சை எடுக்காத ஒருவருடன் காண்டம் இல்லாமல் உறவு கொள்ளும்போது, 10,000 முறைக்குத் தொற்று வாய்ப்பு இவ்வளவு:

• ஆசனவாய் உறவில் ஏற்பவருக்கு: 138
• ஆசனவாய் உறவில் நுழைப்பவருக்கு: 11
• பெண்ணுறுப்பு வழி உறவில் பெண்ணுக்கு: 8
• பெண்ணுறுப்பு வழி உறவில் ஆணுக்கு: 4

இதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, ஏற்பவருக்கு ஆபத்து பல மடங்கு அதிகம். இரண்டு, நுழைப்பவருக்கு ஆபத்தே இல்லை என்பது தவறு. 'நான் பந்தி, எனக்கு வராது' என்று நினைத்தால் அது பொய்யான தைரியம். இவை சராசரி எண்கள்தான். ஒரே ஒரு முறையிலும் தொற்று ஏற்படலாம். யாருக்காவது சிஃபிலிஸ், கொனோரியா போன்ற பால்வினை நோய் இருந்தால் ஆபத்து இன்னும் கூடும்.

வாய்வழி உறவில் எச்.ஐ.வி பரவும் வாய்ப்பு மிக மிகக் குறைவு. ஆனால் சிஃபிலிஸும் கொனோரியாவும் அந்த வழியில் எளிதாகப் பரவும்.

காண்டம் சரி... தேங்காய் எண்ணெய்?

காண்டம் இன்றும் மிக மலிவான, எளிய பாதுகாப்பு. எச்.ஐ.வி மட்டுமல்ல, பிற பால்வினை நோய்களையும் பெருமளவு தடுக்கும். ஆனால் பலர் செய்யும் ஒரு தவறு அதன் பலனையே கெடுத்துவிடுகிறது.

வழவழப்புக்காக வீட்டில் இருக்கும் தேங்காய் எண்ணெயையோ, வாசலினையோ, பேபி ஆயிலையோ தடவுவதுதான் அந்தத் தவறு. சாதாரண காண்டம் லேட்டக்ஸ் ரப்பரில் செய்யப்பட்டது. எண்ணெய் பட்டால் லேட்டக்ஸ் சில நிமிடங்களிலேயே பலவீனமாகிவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, ஆனால் உள்ளே கிழிந்துவிடும். எச்சிலும் சரிவராது, சீக்கிரமே காய்ந்துவிடும்.

என்ன பயன்படுத்தலாம்? தண்ணீர் அடிப்படையிலான அல்லது சிலிக்கான் அடிப்படையிலான லூப்ரிகன்ட் ஜெல். மருந்துக் கடையிலும் ஆன்லைனிலும் கிடைக்கிறது. ஆசனவாய் உறவுக்கு இது ஆடம்பரம் இல்லை, அவசியம். ஜெல் போதுமான அளவு இருந்தால் காண்டம் கிழிவதும் குறையும், உள்ளே கீறல் விழுவதும் குறையும்.

இன்னும் சில:

• பர்ஸில் மாதக்கணக்கில் வைத்திருந்த காண்டம் வேண்டாம். சூடும் அழுத்தமும் அதைக் கெடுத்துவிடும்.
• உறையில் காலாவதி தேதியைப் பாருங்க. பல்லால் கடித்துக் கிழிக்காதீங்க.
• நுனியில் காற்று இல்லாமல் அழுத்திப் பிடித்து மாட்ட வேண்டும்.
• 'டபுள் சேஃப்டி' என்று இரண்டு காண்டம் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால் உராய்ந்து கிழியும். ஒன்று போதும்.
• ஒவ்வொரு முறைக்கும், ஒவ்வொருவருக்கும் புதிது.

கிழிஞ்சிடுச்சு... இப்போ என்ன செய்வது?

இங்கேதான் 'பெப்' வருகிறது. ஆபத்தான தொடர்புக்குப் பிறகு எடுக்கும் தடுப்பு மருந்து இது. மருத்துவமனையில் ஊசி குத்திக்கொண்ட நர்ஸுக்கும், பாலியல் வன்கொடுமைக்கு உள்ளானவருக்கும் கொடுக்கப்படுவதும் இதுதான்.

வைரஸ் உடலுக்குள் நுழைந்ததும் உடனே எல்லா இடமும் பரவிவிடாது. முதலில் நுழைந்த இடத்தில் உள்ள செல்களில் பெருகி, அதன்பிறகுதான் மற்ற இடங்களுக்குப் போகும். அந்த இடைவெளியில் மருந்து கொடுத்தால் பெருகவிடாமல் தடுக்கலாம். அந்த வாசல் 72 மணி நேரத்தில் மூடிவிடும். 71-வது மணி நேரம் வரை காத்திருக்கலாம் என்று அர்த்தமில்லை. எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு பலன். 2 மணி நேரத்தில் தொடங்க முடிந்தால் இன்னும் நல்லது.

மொத்தம் 28 நாட்கள். ஒரு நாளும் விடக்கூடாது. 'பத்து நாள் போட்டேன், ஒண்ணும் ஆகலையே' என்று நிறுத்தினால் பலன் போய்விடும்.

எங்கே போவது? அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் உள்ள ஏ.ஆர்.டி மையத்தில் கேட்கலாம். இரவு நேரம், விடுமுறை நாள் என்றால் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போகலாம். தனியார் மருத்துவரும் எழுதிக் கொடுக்கலாம். ஒரு இடத்தில் மறுத்தாலோ, இழுத்தடித்தாலோ அங்கே வாதாடி நேரத்தை வீணாக்க வேண்டாம். உடனே அடுத்த இடத்துக்குப் போக வேண்டும்.

டாக்டரிடம் என்ன சொல்வது? முழுக் கதையும் தேவையில்லை. 'நேத்து ராத்திரி 11 மணிக்கு பாதுகாப்பு இல்லாம உறவு நடந்திருக்கு, பெப் வேணும்' என்றால் போதும். ஆசனவாய் உறவா, ஏற்பவரா என்பதை மட்டும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆபத்தைக் கணக்கிட அது டாக்டருக்குத் தேவை.

முன்கூட்டியே போடும் மாத்திரை: 'பிரெப்'

பெயர் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருப்பதால் குழப்பம் வரும். உறவுக்குப் பிறகு எடுப்பது பெப். உறவுக்கு முன்பே எடுப்பது பிரெப்.

டெனோஃபோவிர், எம்ட்ரிசிடபின் என்ற இரண்டு மருந்துகள் சேர்ந்த ஒரே மாத்திரை இது. எச்.ஐ.வி இல்லாதவர் தினமும் ஒன்று எடுக்க வேண்டும். ஒழுங்காக எடுத்தால் உறவு மூலம் எச்.ஐ.வி வரும் ஆபத்து சுமார் 99 சதவீதம் குறைகிறது என்கிறது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம். ஆசனவாய் உறவில் ஏற்பவருக்கு, தினமும் எடுக்கத் தொடங்கி சுமார் 7 நாட்களில் முழுப் பாதுகாப்பு கிடைக்கும்.

இதில் 'ஒழுங்காக' என்ற வார்த்தைதான் முக்கியம். 2010-ல் வெளியான ஐபிரெக்ஸ் ஆய்வில் 2,499 பேர் பங்கேற்றார்கள். ஒட்டுமொத்தமாகத் தொற்று 44 சதவீதம்தான் குறைந்தது. பங்கேற்ற பலர் மாத்திரையைச் சரியாக எடுக்கவில்லை என்பது ரத்தப் பரிசோதனையில் தெரிந்தது. ரத்தத்தில் மருந்து இருந்தவர்களுக்குப் பாதுகாப்பு அதைவிட மிக அதிகமாக இருந்தது.

எப்போதாவது மட்டும் உறவு கொள்ளும் ஆண்களுக்கு இன்னொரு முறையும் உண்டு. அதன் பெயர் '2-1-1'. 2019-ல் உலக சுகாதார நிறுவனம் இதைப் பரிந்துரைத்தது. உதாரணமாக, சனிக்கிழமை இரவு 8 மணிக்குச் சந்திப்பு என்றால், மாலை 6 மணிக்குள் இரண்டு மாத்திரை. ஞாயிறு மாலை 6 மணிக்கு ஒன்று. திங்கள் மாலை 6 மணிக்கு ஒன்று. உறவுக்குக் குறைந்தது 2 மணி நேரம் முன்பே அந்த முதல் இரண்டையும் எடுத்திருக்க வேண்டும். ஹெபடைட்டிஸ் பி இருப்பவர்களுக்கு இந்த முறை கூடாது.

இந்தியாவில் பிரெப் பற்றிய தேசிய வழிகாட்டுதலை நாகோ 2022-ல் வெளியிட்டது. இந்திய நிறுவனங்களே மாத்திரையைத் தயாரிக்கின்றன. மருத்துவர் சீட்டுடன் வாங்கலாம். ஆனால் நண்பர் கொடுத்தார் என்று தானாகத் தொடங்கக்கூடாது. காரணம் மூன்று:

• முதலில் எச்.ஐ.வி இல்லை என்பது உறுதியாக வேண்டும். ஏற்கெனவே இருந்தால் இந்த இரண்டு மருந்து மட்டும் போதாது, வைரஸ் மருந்துக்குப் பழகிவிடும்.
• சிறுநீரகம் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.
• ஹெபடைட்டிஸ் பி இருப்பவர் திடீரென்று மாத்திரையை நிறுத்தினால் கல்லீரல் பாதிக்கப்படலாம்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை எச்.ஐ.வி பரிசோதனையும் அவசியம். சிஃபிலிஸ், கொனோரியாவை பிரெப் தடுக்காது. அதற்குக் காண்டம்தான்.

ஆறு மாதத்துக்கு ஒரு ஊசி... வந்துவிட்டதா?

லெனகாபவிர் என்ற இந்த ஊசிக்கு 2025 ஜூனில் அமெரிக்கா ஒப்புதல் தந்தது. அடுத்த மாதமே உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. ஆண்டுக்கு இரண்டே ஊசி. ஆண்களுடன் உறவு கொள்ளும் ஆண்களும் திருநர்களும் பங்கேற்ற ஆய்வில், ஊசி போட்டுக்கொண்ட 2,179 பேரில் 2 பேருக்கு மட்டுமே தொற்று ஏற்பட்டது.

வீட்டில் மாத்திரை டப்பாவை ஒளித்து வைக்க வேண்டிய நிலையில் இருப்பவருக்கு இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று சொல்லத் தேவையில்லை. விலைதான் பிரச்சினை. குறைந்த விலையில் தயாரிக்க உரிமம் பெற்ற நிறுவனங்களில் இந்தியாவின் டாக்டர் ரெட்டிஸ், ஹெட்டிரோ ஆகியவையும் உள்ளன. குறைந்த, நடுத்தர வருமான நாடுகளுக்கு 2027 முதல் ஆண்டுக்கு சுமார் 40 டாலருக்குக் கொடுக்கத் திட்டம் அறிவிக்கப்பட்டிருக்கிறது.

பரிசோதனை: எப்போது, எங்கே?

உறவு நடந்த மறுநாளே பரிசோதனை செய்து 'நெகட்டிவ்' வந்தால் நிம்மதியாகிவிடக் கூடாது. தொற்று ரத்தத்தில் தெரியவர நாட்கள் ஆகும். ஆய்வகத்தில் செய்யப்படும் நான்காம் தலைமுறை ரத்தப் பரிசோதனையில் 18 முதல் 45 நாட்களில் தெரியும். விரல் நுனியில் ரத்தம் எடுக்கும் விரைவுப் பரிசோதனை என்றால் 90 நாட்கள் வரை ஆகலாம். எனவே உடனே ஒரு முறை, பிறகு அந்தக் கால அளவு முடிந்ததும் ஒரு முறை செய்ய வேண்டும்.

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் இதற்கான இடம் 'நம்பிக்கை மையம்'. கட்டணம் இல்லை. பரிசோதனைக்கு முன்னும் பின்னும் ஆலோசகர் பேசுவார். விஷயம் வெளியே போகாது.

பாசிட்டிவ் என்றால் எல்லாம் முடிந்ததா?

இல்லை. இந்தியாவில் 2004 ஏப்ரல் 1 முதல் அரசே இலவசக் கூட்டு மருந்து தருகிறது. தொடக்கத்தில் எட்டே மருத்துவமனைகள், அதில் தாம்பரமும் ஒன்று. அப்போது நோய் எதிர்ப்பு சக்தி குறையும் வரை காத்திருந்துதான் மருந்து கொடுத்தார்கள். 2017 முதல் தொற்று தெரிந்த உடனேயே சிகிச்சை. இப்போது பெரும்பாலானவர்களுக்கு தினமும் ஒரே ஒரு மாத்திரைதான்.

மருந்தை விடாமல் எடுத்தால், பொதுவாக ஆறு மாதத்துக்குள் ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிடும். அந்த நிலை தொடரும் வரை உடலுறவு மூலம் இன்னொருவருக்குப் பரவாது. இது ஆறுதலுக்குச் சொல்வதல்ல. பார்ட்னர்-2 என்ற ஐரோப்பிய ஆய்வு 2019-ல் லான்செட் இதழில் வெளியானது. ஒருவருக்கு எச்.ஐ.வி இருந்து சிகிச்சையில் இருக்கும், மற்றவருக்கு இல்லாத 782 ஆண் ஜோடிகளை ஆய்வு செய்தார்கள். காண்டம் இல்லாமல் சுமார் 76,000 முறை உறவு. துணையிடமிருந்து துணைக்குப் பரவியது எத்தனை முறை? பூஜ்ஜியம்.

மனைவி இருக்கிறாரே...

பேசாமல் விடப்படும் பகுதி இதுதான். குடும்ப நிர்ப்பந்தத்தால் பெண்ணைத் திருமணம் செய்துகொண்டு, ஆண்களுடனும் உறவில் இருப்பவர்கள் இருக்கிறார்கள். இருபாலீர்ப்பாளர்களும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்குத் தொற்று இருந்து, அது தெரியாமல் போனால், மனைவிக்கும் பிறக்கப்போகும் குழந்தைக்கும் ஆபத்து. கர்ப்ப காலப் பரிசோதனையில் மனைவிக்கு பாசிட்டிவ் என்று வந்த பிறகுதான் கணவருக்கே தெரியவரும் நிலையும் ஏற்படலாம்.

யாரிடமும் எதையும் சொல்லாமலேயே ஒருவர் இதைத் தடுக்க முடியும். தொடர்ந்து பரிசோதனை, பிரெப், காண்டம் ஆகிய மூன்றுக்கும் யார் அனுமதியும் தேவையில்லை.

தொற்று உறுதியான பிறகு சட்டம் என்ன சொல்கிறது? 2017-ம் ஆண்டு எச்.ஐ.வி, எய்ட்ஸ் தடுப்புச் சட்டப்படி, தொற்று இருப்பது தெரிந்தவர் மற்றவருக்குப் பரவாமல் முன்னெச்சரிக்கை எடுக்க வேண்டும். துணையிடம் அவரே சொல்ல ஆலோசகர் உதவுவார். ஆலோசனைக்குப் பிறகும் அவர் சொல்ல மாட்டார், துணைக்குக் கணிசமான ஆபத்து இருக்கிறது என்ற நிலையில் மட்டும், அவருக்கு முன்கூட்டியே தெரிவித்துவிட்டு டாக்டரோ ஆலோசகரோ துணையிடம் சொல்லலாம். அப்போதும் தொற்று விவரம் மட்டும்தான். அவர் யாருடன் உறவில் இருந்தார் என்பதைச் சொல்லச் சட்டம் இடம் தரவில்லை.

'போலீஸ் கேஸ் ஆகுமா? டாக்டர் திட்டுவாரா?'

பலரைத் தடுக்கும் பயம் இது. 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம், 18 வயது நிரம்பிய இருவர் சம்மதத்துடன் தனிமையில் கொள்ளும் தன்பாலின உறவு குற்றமல்ல என்று தீர்ப்பளித்தது. அடுத்த நான்கே நாளில், செப்டம்பர் 10 அன்று, எச்.ஐ.வி சட்டம் நடைமுறைக்கு வந்தது. அந்தச் சட்டம் தரும் முக்கியப் பாதுகாப்புகள்:

• சம்மதம் இல்லாமல் எச்.ஐ.வி பரிசோதனை செய்யக்கூடாது.
• தொற்று விவரத்தை மருத்துவமனை வெளியிடக்கூடாது.
• வேலை, படிப்பு, சிகிச்சை, வாடகை வீடு எதிலும் பாகுபாடு காட்டக்கூடாது.
• 100 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனத்திலும், 20 பேரோ அதற்கு மேலோ உள்ள மருத்துவ நிறுவனத்திலும் புகார் அதிகாரி இருக்க வேண்டும்.
• தொற்றுள்ளவர்கள் மீது வெறுப்பைப் பரப்பினால் 3 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

தன்பாலீர்ப்பை 'மாற்றுகிறேன்' என்று சிகிச்சை கொடுப்பதற்கும் தடை உண்டு. 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் இதற்கு எதிராக உத்தரவிட்டது. 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம் அதை மருத்துவர்களின் தொழில்முறை ஒழுங்கீனம் என்று அறிவித்தது. எனவே பெப் கேட்டு வருபவருக்கு டாக்டர் தர வேண்டியது மருந்தும் ஆலோசனையும்தான், அறிவுரை அல்ல.

சுருக்கமாக, என்ன செய்யலாம்?

• 72 மணி நேரத்துக்குள் இருக்கிறீர்களா? இதைப் படித்து முடித்ததும் மருத்துவமனைக்குக் கிளம்புங்க. பெப் கேளுங்க.
• 72 மணி நேரம் தாண்டிவிட்டதா? நம்பிக்கை மையத்தில் பரிசோதனை. பரிசோதனைக் காலம் முடியும்வரை காண்டம்.
• அடிக்கடி ஆபத்து இருக்கிறதா? மருத்துவரிடம் பிரெப் பற்றிப் பேசுங்க. ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போட்டாச்சா என்றும் கேளுங்க.
• ஏற்கெனவே பாசிட்டிவா? மாத்திரையை ஒரு நாளும் விடாதீங்க.
• எங்கே போவது என்றே தெரியவில்லையா? 1097 என்ற தேசிய உதவி எண்ணை அழைக்கலாம். 24 மணி நேரமும் இயங்கும், கட்டணம் கிடையாது. அருகில் உள்ள மையம் எது என்று அவர்களே சொல்வார்கள்.